முனகாத தராசு

கிராம் அக்கா சந்தைக்குள் கால் வைத்ததும் அங்கே இருக்கிற குரல்களெல்லாம் மாறிவிடும். அதுவரை தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருந்த வெங்காயக்காரர், ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசுவதுபோல, "வாங்கம்மா, கால் வலி தேவலையா?" என்று குசலம் விசாரிப்பார். மீன்காரம்மா கேட்காமலேயே, "தட்டை இப்பதான் துடைச்சேன், வேணும்னா மோந்து பாருங்க" என்பாள். ஆப்பிள் விற்கிறவனுக்கு ஒரே பாட்டுதான். "இது என் தராசு இல்லைங்க, என் மச்சானோடது." ஆறு வருஷமாக அந்த மச்சானை யாரும் பார்த்ததில்லை.

அவள் நகராட்சியில் எடை அளவுப் பிரிவின் ஆய்வாளர். வயது நாற்பத்தெட்டு, சர்வீஸ் இருபத்தாறு. தோளில் தொங்கும் பையில் ஒரு மரப்பெட்டி. அதற்குள் பித்தளை எடைகள், ஒவ்வொன்றும் தன் குழியில் குழந்தைபோலப் படுத்திருக்கும். விரலால் தொடமாட்டாள். இடுக்கியால்தான் எடுப்பாள். விரல் ஈரம் பட்டால் எடை கெட்டுவிடுமாம். வேலை நேரத்தில் அவள் பேசுவது நாலே நாலு வார்த்தை. "வை. கையை எடு. ஆடாதே. சரி." அந்தக் கடைசி "சரி" வரும்வரைக்கும் கடைக்காரர் முகத்தில் ஈயாடாது.

ஒரு தடவை மசாலாக் கடைத் தராசு ஒன்றைப் பூட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். கடைக்காரர் பின்னாலேயே ஓடி வந்தார்.

"மூணு கிராம்தானேம்மா. ஒரு ஈ உட்கார்ந்தா மூணு கிராம் வரும்."

"அப்போ அந்த ஈயைக் கூட்டிட்டு வாங்க. நிறுத்துப் பார்த்துடலாம்."

அன்றிலிருந்துதான் அவள் கிராம் அக்கா.

வீட்டிலும் அந்தப் புத்தி போகாது. கடையிலிருந்து வரும்போது வலது தோளில் தொங்குகிற பையைப் பாதி வழியில் இடது தோளுக்கு மாற்றுவாள். பாரம் குறைவதற்காக அல்ல, இரண்டு தோளும் ஒரே பதில் சொல்கிறதா என்று பார்க்க. பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருக்கும் அவள் புருஷன் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். "என்னையும் ஒரு நாள் ரெண்டு பக்கமும் மாத்தி வெச்சுப் பார்த்துடு, நிம்மதியா இருப்பே" என்பார்.

அவளுக்கு ஒரு தம்பி. அவளைவிட ஒன்பது வயது சின்னவன். அம்மா போனபோது அவனுக்கு எட்டு வயது. அப்பா நீண்ட தூர லாரி ஓட்டுகிறவர், வீட்டுக்கு விருந்தாளிபோல வருவார். அதனால் பதினேழு வயதிலேயே அக்கா தலை சீவிவிடுகிறவளும் ஆனாள், ரிப்போர்ட் கார்டில் கையெழுத்துப் போடுகிறவளும் ஆனாள். இப்போது அவன் பகலில் காது மிஷின் கடையில் வேலை பார்க்கிறான். சாயங்காலங்களில், அந்த மிஷின் வாங்கியவர்கள் அதைக் கழற்றி வைக்கும்படியாக ஒரு இசை செய்கிறான். அத்தான் அவனுக்கு வைத்த பெயர் "சத்தம்". "சத்தம் மேல இருக்கானா, சாப்பிட்டானா?" என்று கேட்பார். ஆனால் அவன் தட்டில் முட்டையை எடுத்து வைப்பதும் அவர்தான்.

அவனுடைய முதல் கச்சேரி மூன்று பழைய குளிர்சாதனப் பெட்டிகளுக்கானது. பதினான்கு பேர் வந்தார்கள், எட்டுப் பேர் பாதியிலேயே கிளம்பினார்கள். இரண்டாவது, மழைத் தண்ணீர்க் குழாய்கள். மூன்றாவதை விவரிக்க அக்காவுக்கே வார்த்தை கிடைக்கவில்லை; "அது ஒரு கதவு, தம்பி அதைத் திறந்தான்" என்று மட்டும் ஆபீசில் சொன்னாள். ஏழு கச்சேரிக்கும் முன் வரிசையில் உட்கார்ந்தவள் அவள் ஒருத்திதான். நாலாவதில், நடுவில் வந்த மௌனத்தை முடிவு என்று நினைத்துத் தனியாக எழுந்து நின்று கைதட்டிவிட்டாள். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "அந்த இடத்துக்கு அதுதான் குறைஞ்சது போல" என்றான்.

எட்டாவது கச்சேரியின் கதை அவள் ஆபீஸ் கிடங்கில் ஆரம்பித்தது.

அந்தக் கிடங்கு ஒரு காலத்தில் ஊரின் எடை மண்டபம். உயரமான கூரை, கல் தரை. நடுவில் ஒன்பதடி நீளத்துக்கு ஒரு இரும்புத் தண்டு கூரையிலிருந்து தொங்கும். அதன் இரண்டு முனையிலும் சங்கிலி போட்டு, ஆள் உட்காரும் அளவுக்கு இரண்டு மரப்பலகைகள். கம்பளி மூட்டை, தோல் கட்டு எல்லாம் அதில்தான் நிறுத்தார்கள். இப்போது அதைச் சுற்றிப் பறிமுதல் செய்த தராசுகளும் கால் உடைந்த நாற்காலிகளும். போன வருஷம் கூரை ஒழுகியபோது பீரோக்களை நகர்த்த அக்கா தம்பியைக் கூப்பிட்டாள். அவன் ஷூ கயிறு கட்ட ஒரு பலகையில் காலை வைத்தான். தண்டு அசைந்தது. எங்கேயோ அடிவயிற்றிலிருந்து வருவதுபோல ஒரு முனகல் எழுந்து, கூரையில் முட்டி, நெடுநேரம் கழித்து அடங்கியது.

தம்பி குனிந்தவன் குனிந்தபடியே இருந்தான்.

"அக்கா, இது பாடுது."

அவள் அதைத் தன் டிபார்ட்மெண்டுக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டாள்.

பீரோவை நகர்த்தியபோது பழைய எடைப் பதிவேடு ஒன்றும் கிடைத்தது. தம்பி தரையில் உட்கார்ந்து புரட்டினான். கம்பளி, கம்பளி, ஆட்டுத்தோல், கம்பளி. அப்புறம் திடீரென்று ஒரு பெண். மறுபடி கம்பளி. மறுபடி ஒரு பெண். மொத்தம் பதினோரு பேர். பெண்கள் மேல் சூனியக்காரி என்று பழி சுமத்திய காலம் அது. சூனியக்காரி காற்றில் பறப்பாள், அதனால் அவளுக்குக் கனம் இருக்காது என்று நம்பினார்கள். உருவத்துக்குத் தகுந்த எடை இல்லாதவளை நீதிபதியிடம் அனுப்பினார்கள். அங்கிருந்து திரும்பியவர்கள் குறைவு. குமாஸ்தா அதையும் மூட்டைக் கணக்கின் நடுவிலேயே, அதே மையால், அதே அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். ஒருத்தி மருத்துவச்சி. ஒருத்தி கழுதை வாடகைக்கு விடுகிறவள். ஒருத்தியின் பக்கத்து வீட்டு மாடு பால் வற்றிவிட்டது, அவ்வளவுதான் அவள் செய்தது. கடைசிப் பெண்ணுக்குத் தொழிலே போடவில்லை, "வாயாடி" என்று மட்டும் இருந்தது. பதினோரு பேருக்கும் எதிரே ஒரே ஒரு சொல். "குறைவு."

தம்பி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாவது நாள் கிடங்குச் சாவி கேட்டான்.

எட்டு மாதம் அந்த முனகலோடு குடும்பம் நடத்தினான். காசு அகலமுள்ள ஒரு மைக்கைத் தண்டில் ஒட்டி, ஒலிபெருக்கியில் கேட்டுக் கேட்டு, பலகையில் யார் எப்படி அசைந்தால் என்ன முனகல் வரும் என்று குறித்து வைத்தான். பாட ஒருவர் கிடைத்தார், பல் டாக்டரம்மா. வாரத்தில் ஆறு நாள் ஊரார் வாயைத் திறக்கச் சொல்கிறவர், ஞாயிற்றுக்கிழமை தன் வாயைத் திறப்பார். திட்டம் இதுதான். டாக்டரம்மா பலகையில் உட்கார்ந்து பதிவேட்டை வரி வரியாகப் பாடுவார். அவர் அசைய அசையத் தராசு முனகும். ஒவ்வொருத்தி முடிவிலும் "குறைவு" என்று இறக்குவார்.

கச்சேரிக்கு ஒரு வாரம் முன்னால், சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டே தம்பி சொன்னான்.

"இதுவும் காலி நாற்காலிக்குத்தான்னா விட்டுடறேன் அக்கா. மைக்கெல்லாம் யாருக்காவது குடுத்துட்டுக் கடையோட இருந்துக்கறேன்."

"விடேன். எனக்கும் கொஞ்சம் தூக்கம் வரும்" என்றாள் அவள்.

சொல்லிவிட்டாளே தவிர, அன்று முழுக்க அவளுக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை. பதினெட்டு வருஷமாக மாடியிலிருந்து இறங்கி வரும் கீச்சும் கொர்ரும் திட்டித் திட்டிக் கேட்டவை. மாடி சும்மா இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். அம்மா இறந்த வாரத்தில் அந்த வீடு அப்படித்தான் இருந்தது. இந்தக் கச்சேரி மட்டும் எப்படியாவது நன்றாக நடந்துவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. தன்னால் ஆனதை அவனுக்குச் செய்தாக வேண்டும்.

சனிக்கிழமை காலை மேலதிகாரி கூப்பிட்டார். பலகையில் ஆள் ஏறப்போவதால் தராசுக்குச் சோதனைச் சான்று வேண்டும், கையெழுத்து அவளுடையதாக இருக்க வேண்டும் என்றார். அவளுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். அவன் பாட்டில் அவளுக்கு ஒன்றும் தெரியாது; அதில் அவளால் போட முடிந்த ஒரே எழுத்து இந்தக் கையெழுத்துதான்.

இருபது கிலோ எடைகள் ஆறையும் ஒரு கூடை சின்ன எடைகளையும் தள்ளுவண்டியில் கொண்டு போனாள். காலியாக இருக்கும்போது தண்டு நேராக நின்றது. பக்கத்துக்கு அறுபது கிலோ வைத்தாள். மூட்டை வைக்கிற பக்கம் மேலே எழும்பியது. முனகிக்கொண்டே எழும்பியது. எதிர்ப்பக்கத்தில் மூன்று கிலோவைக் குறைத்த பிறகுதான் சமமாயிற்று. இருபத்தாறு வருஷப் பழக்கத்தில் எடைகளைப் பக்கம் மாற்றி வைத்தாள். அப்போதும் அதே பக்கம்தான் எழும்பியது.

அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தராசைப் பார்த்தாள். சந்தையில் ஆப்பிள்காரனைப் பார்க்கும் அதே பார்வை.

"காலியா இருக்கும்போது நேரா நிப்பே. ஏத்தினா பொய் சொல்லுவே. அப்படித்தானே?"

ஏணி போட்டு ஏறி அளந்தாள். மூட்டைப் பக்கத்துக் கொக்கியை மூன்று விரல் உள்ளே தள்ளி வைத்திருந்தார்கள். பழைய துளையை ஈயம் ஊற்றி அடைத்து, மேலே கறுப்பு பூசியிருந்தார்கள். தண்டின் அந்தக் கை குட்டையாகிவிட்டதால் அதில் வைப்பதெல்லாம் குறைவாகக் காட்டும். காலித் தராசு சாய்ந்து காட்டிக்கொடுக்காமல் இருக்க அந்தப் பலகையின் அடியில் ஒரு இரும்புத் தகடு. கம்பளி வாங்குகிற பெரிய வியாபாரிகள், விற்க வந்தவர்களை ஏமாற்றச் செய்த வேலை. பழைய தந்திரம், இப்போதும் சந்தையில் மாதத்துக்கு ஒன்று பிடிபடும். இருபது கிலோவுக்கு ஒரு கிலோ திருட்டு.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தப் பதினோரு பேரும் உட்கார்ந்தது இந்தப் பக்கத்தில்தான்.

ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவர்களைக் கொல்வதற்காக யாரும் இந்தக் கொக்கியை நகர்த்தவில்லை. கம்பளிக்காக நகர்த்தினார்கள். அப்புறம் பெண்களைக் கொண்டு வந்து ஏற்றியபோது, விஷயம் தெரிந்த ஒருவன்கூட வாயைத் திறக்கவில்லை. பக்கம் மாற்றி வை என்று ஒரே ஒரு ஆள் சொல்லியிருந்தால் போதும். ஒரு நிமிஷ வேலை. அவள் தினமும் நாற்பது தடவை செய்கிற வேலை.

நாளைக்கு டாக்டரம்மா இதே பக்கம் உட்கார்ந்து பாடப்போகிறார். இந்தப் பொய்யில் கையெழுத்துப் போடுவதா? முடியவே முடியாது. போடாவிட்டால் கச்சேரி இல்லை. கச்சேரி இல்லாவிட்டால் மாடியில் சத்தம் இல்லை.

அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

ஈயத்தைத் துளையிட்டு எடுத்து, கொக்கியைப் பழைய துளைக்கே கொண்டு போனாள். பலகைக்கு அடியிலிருந்த தகட்டைப் பெயர்த்தாள். தண்டு உட்காரும் கத்திமுனைகளை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, துருவும் தூசியும் போகத் துடைத்தாள். மறுபடியும் எடைகள். பக்கம் மாற்றி எடைகள். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பலகையின் ஓரத்தில் ஒரு விரலை வைத்தாள். தூக்கத்தில் குழந்தை புரள்வதுபோலத் தண்டு சாய்ந்தது. துளிச் சத்தம் இல்லை.

சான்றில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

"யார் தராசைப் பூட்டினே? முகம் இப்படி மலர்ந்திருக்கு" என்றார் புருஷன்.

"நாளைக்குத் தெரியும். அவன்கிட்ட வாயைத் திறந்துடாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கச்சேரி. இரண்டரைக்குத் தம்பி வந்து ஒலிபெருக்கிகளைப் பொருத்தி, மைக்கைத் தண்டில் ஒட்டினான். எதிரே எடைகளை வைத்துவிட்டு, டாக்டரம்மா பலகையில் ஏறினார். தராசு அழகாக, தாழ்வாக, அமைதியாக இறங்கியது. தம்பி ஒலியைக் கூட்டினான். இன்னும் கூட்டினான். ஒயரைப் பிடுங்கிச் செருகினான். மைக்கை ஊதினான், மைக் நன்றாக இருந்தது.

"கொஞ்சம் ஆடுங்க டாக்டர்."

"ஆடிட்டுத்தான் இருக்கேன். ஊஞ்சல் மாதிரி சுகமா இருக்கு."

அக்கா சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு, பரிசு கொடுத்தவள் பிரிப்பதைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஏணியில் ஏறினான். கத்திமுனை பளபளவென்று இருந்தது. மெதுவாகத் திரும்பினான்.

"அக்கா. இதை யாராவது தொட்டாங்களா?"

"நான்தான். நேத்து முழுக்க. எப்படி இருக்கு?"

அவன் இறங்கி வந்தான். அவன் கத்துகிற ஜாதி இல்லை. குரல் இறங்கினால்தான் பயம்.

"அக்கா, அந்த முனகல்தான் கச்சேரி."

"எது?"

"அந்தச் சத்தம். எட்டு மாசம். அதைத்தான் நான்... வேற ஒண்ணுமே இல்லை, அது மட்டும்தான்."

"முனகறது ரிப்பேருடா. நல்ல தராசு எங்கேயாவது முனகுமா?"

"என் தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டே."

அவள் முகம் விழுந்துவிட்டது. எட்டு வயதில் அவன் சட்டைக்குப் பட்டன் மாற்றித் தைத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய அன்றுகூட அவன் இப்படிப் பார்த்ததில்லை. டாக்டரம்மா பலகையில் உட்கார்ந்தபடியே சமாதானம் பேசினார்.

"பதிவு பண்ணி வெச்சிருக்கீங்கல்ல? அதைப் போட்டுட்டா போச்சு."

"தராசு எல்லார் கண்ணு முன்னாலயும் ஊமையா ஆடும், ஸ்பீக்கர் முனகும். அது பொய்ங்க. நான் காதுல பூ சுத்த மாட்டேன்."

"அதைச் சொல்லு" என்றாள் அக்கா. தான் பேச வேண்டிய நேரம் இது இல்லை என்று தெரிந்தும் நாக்கு நிற்கவில்லை. "அந்த முனகலும் பொய்தான்." கொக்கியைக் காட்டினாள், ஈயத் துண்டைக் காட்டினாள், மூன்று விரலை மடக்கிக் காட்டினாள். "அறுபது கிலோ பொம்பளையை அம்பத்தேழுன்னு காட்டியிருக்கு. பதினோரு பேரையும். மறுபடியும் அந்தப் பக்கத்துலயே உட்கார வெச்சு, மறுபடியும் குறைவுன்னு சொல்லச் சொல்றியா? அதுக்கு நான் கையெழுத்துப் போடணுமா?"

தம்பி ஈயத் துண்டை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

"அது அவங்களுக்காக அழுதுன்னு நினைச்சுட்டு இருந்தேன்."

"அழலைடா. துருப்பிடிச்சிருந்துச்சு."

வெளியே அத்தான் நாற்காலி எண்ணிக்கொண்டிருக்கும் குரல் மட்டும் கேட்டது. தம்பி, செய்ய வேறெதுவும் இல்லாததால், ஒலியை முழுதாகக் கூட்டிவிட்டு மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

ஒலிபெருக்கியில் ஏதோ கேட்டது. தும். கொஞ்சம் இடைவெளி. தும்.

"பக்கத்துல மோட்டார் ஓடுதா?" என்றான் தலையை நிமிர்த்தாமல்.

"ஞாயித்துக்கிழமை எவன் மோட்டார் போடறான்?"

தும். தும்.

அக்கா தராசின் முள்ளைப் பார்த்தாள். மயிரிழை அளவுக்கு அது நடுங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததில் புதிதாக ஒன்றுமில்லை என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள்.

"அது டாக்டரம்மாவோட நெஞ்சுடா. தராசு சுத்தமா இருந்தா உயிரோட இருக்கற எதை வெச்சாலும் முள்ளு சும்மா நிக்காது. கோழிக் கடையில பார்த்ததில்லையா? உரிச்ச கோழிக்கு நிக்கும். உயிர்க் கோழிக்கு நிக்காது."

"என்னையும் கோழியையும் ஒண்ணாச் சேர்த்துட்டாங்க" என்றார் டாக்டரம்மா. சிரித்தார். சிரித்ததும் தும்தும்தும் என்று வேகமாயிற்று. கல் மண்டபம் முழுக்க அது நிறைந்தது.

தம்பி தலையை நிமிர்த்தினான். எழுந்தான். மேஜையைச் சுற்றி ஒரு தடவை நடந்தான். பதிவேட்டை எடுத்தான், வைத்தான். மணி மூன்றே கால்.

"பதினோரு பேர் வேணும்" என்றான்.

நாலு மணிக்கு நாற்பத்தி மூன்று பேர் வந்திருந்தார்கள். அவன் கச்சேரி வரலாற்றில் அது மாநாடு. பாதிப் பேர் சந்தைக்காரர்கள். கிராம் அக்கா சான்று கொடுத்த தராசு மேடை ஏறுகிறது என்று கேள்விப்பட்டு, அவள் எங்கேயாவது தவறு செய்திருக்கிறாளா என்று பார்க்க வந்தவர்கள். டாக்டரம்மா பதிவேட்டைப் பற்றி நாலு வரி சொன்னார். அப்புறம், பலகையில் உட்காரப் பெண்கள் வேண்டும் என்றார். மண்டபத்தில் ஒரு பெண் அசையவில்லை. நாற்பது பேர் முன்னால் எடை பார்த்துக்கொள்ள யாருக்குப் பைத்தியம்?

அக்கா ஒரு அடி முன்னால் வந்தாள்.

"எடையை நான் சொல்ல மாட்டேன். முள்ளும் என் பக்கம்தான் இருக்கு. இருபத்தாறு வருஷத்துல யாரோட எடையையாவது வெளிய சொல்லியிருக்கேனா?"

"என்னோடதைச் சொல்லிப் பேப்பர்ல போட்டீங்க" என்றார் மசாலாக் கடைக்காரர்.

சிரிப்பு கிளம்பியது. அந்தச் சிரிப்பிலேயே மீன்காரம்மா எழுந்து வந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்தாள். டாக்டரம்மா மெல்லிய குரலில் முதல் வரியை எடுத்தார். இன்ன தெருவில் இருப்பவள், மருத்துவச்சி, இத்தனை வயது. மீன்காரம்மாவின் நெஞ்சு ஒலிபெருக்கியில் வந்தது, நிதானமாக, கனமாக, பாறையில் அலை முட்டுவதுபோல. சிரித்தவர்கள் நிறுத்தினார்கள். அக்கா எதிர்ப்பலகையில் எடைகளை வைத்தாள். முள் நடுவில் வந்து நடுங்கியது. டாக்டரம்மா "குறைவு" என்று இறக்க மூச்சு இழுத்தார்.

"சரி" என்றாள் அக்கா.

அது திட்டத்தில் இல்லை. தராசு சமமானால் அவள் வாயிலிருந்து தானாக வரும் சொல் அது. டாக்டரம்மாவின் பாட்டு தொண்டையிலேயே நின்றது. அக்கா பதறிப்போய்த் தம்பியைப் பார்த்தாள். அவன் கையைத் தூக்கினான். இருக்கட்டும், அப்படியே விடு.

அதற்குப் பிறகு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். பள்ளிக்கூட டீச்சருக்கு ஓட்டமும் நடையுமாக. தையல்கார அம்மாவுக்கு நாலு அடிக்கு ஒரு அடி தவறியது. டாக்டரம்மா பாடிக்கொண்டே அவளைக் கவலையோடு பார்த்தார். ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு அது இவ்வளவு வேகமாக அடித்தது, பின் வரிசையில் இருந்த ஒரு பையன் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். ஒவ்வொரு முடிவிலும் டாக்டரம்மா வாயைத் திறந்து காத்திருப்பார். "சரி" என்பாள் அக்கா. எடைகளை எடுப்பாள். உட்கார்ந்தவள் இறங்குவாள்.

பத்துப் பேர் ஆயிற்று. பதினோராவது, வாயாடி. டாக்டரம்மா அந்தச் சொல்லைப் பாடினார். யாரும் வரவில்லை. மறுபடி பாடினார். இருந்த பெண்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"அக்கா, நீ" என்றான் தம்பி மேஜையிலிருந்து.

"நான் ஏறினா யாருடா நிறுக்கறது?"

"அத்தான் இருக்காரே."

சந்தைக்காரர்கள் பக்கத்திலிருந்து கைதட்டல். வேறு வழியில்லாமல் ஏறினாள். கால் தரையை விட்டது. தராசின் இந்தப் பக்கம் இப்படி இருக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. பிடித்துக்கொள்ள சங்கிலி தவிர ஒன்றும் இல்லை. எல்லாரும் தன்னையே பார்க்கிறார்கள், தான் பார்க்க முடியாத இடத்தில் ஒரு முள் தன்னைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறது. ஒலிபெருக்கியில் அவள் நெஞ்சு வந்தது. அவளே வெட்கப்படும் அளவுக்கு ஓடியது. ஆடாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது கேட்கவில்லை.

தம்பி ஒலியைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பித்தான்களிலிருந்து கையை எடுத்துவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அத்தான் ஒவ்வொரு எடையாக, முட்டை வைப்பதுபோல வைத்தார். வைக்கும்போதே டிப்போப் பழக்கத்தில் உரக்க எண்ண ஆரம்பித்தார். "இருபது. நாற்பது. அறுபது. எழுபத்..."

"என்னங்க" என்றாள் அவள். பலகையிலிருந்து, மிக மெதுவாக.

எண்ணிக்கை நின்றது. நெஞ்சு மட்டும் இரண்டு மடங்கு ஓடியது. மண்டபமே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. தண்டு சமமாயிற்று. இப்போது ஒரு சொல் சொல்ல வேண்டும் என்று அத்தானுக்குத் தெரிந்தது. என்ன சொல் என்பதுதான் மறந்துவிட்டது. டாக்டரம்மா வாயைத் திறந்து காத்திருந்தார். ஓடுகிற நெஞ்சை எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் இப்போது சிரிக்கவில்லை. அவர் முள்ளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பஸ்ஸை வெளியே விடும்போது தினமும் இருநூறு தடவை சொல்வதைச் சொன்னார்.

"ரைட். போகலாம்."

கொஞ்ச நேரம் அந்தச் சொல் அங்கேயே நின்றது. வாயாடிக்கு அதை அந்தக் காலத்தில் யாரும் சொல்லவில்லை.

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கிற அவசரத்தில் சட்டென்று இறங்கினாள். எதிர்ப்பலகையில் எடைகள் அப்படியே இருந்தன. எடையை எடுத்துவிட்டுத்தான் ஆள் இறங்க வேண்டும் என்று அத்தானுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இருபத்தாறு வருஷ சர்வீஸ் உள்ளவளோ மறந்துவிட்டாள். எதிர்ப்பலகை டமால் என்று கல் தரையில் விழுந்தது. எடைகள் நாலா பக்கமும் உருண்டன. தண்டில் ஒட்டியிருந்த மைக் அதை ஆயிரம் மடங்காக்கி நாலு ஒலிபெருக்கியிலும் இடித்தது. கூரையிலிருந்து தூசி கொட்டியது. ஆப்பிள்காரன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தான்.

அப்புறம் நாற்பத்தி மூன்று பேரும் எழுந்து நின்று தட்டினார்கள். அது முடிவு என்று எல்லாருமே நினைத்துவிட்டார்கள்.

அக்கா காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் வியர்வை. தம்பி மேஜையைத் தாண்டி அவளை நோக்கி வந்தான். அவளுக்கு அவனை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் இல்லை.

"ரெண்டு தடவை கெடுத்துட்டேன்டா உனக்கு" என்றாள்.

"அந்தக் கடைசி சத்தம் எங்கேயிருந்து பிடிச்சே? எட்டு மாசம் தேடினேன் நான்."

"சத்தமாடா அது? தப்பு."

"இருக்கட்டும். அடுத்த தடவையும் வேணும்."

அவள் கையை இறக்கினாள். அவன் முகத்தை இப்போதுதான் பார்த்தாள். தரையில் உருண்டு கிடந்த எடைகளைப் பொறுக்கக் குனிந்தாள். இடுக்கியைத் தேடாமல் வெறுங்கையாலேயே எடுத்தாள்.

"அடுத்த தடவைன்னா பலகைக்கு அடியில மெத்தை போடணும்" என்றாள். "உங்க அத்தானுக்கும் மனசுக்குள்ள எண்ணச் சொல்லிக் குடு."